இறங்கிய கரை, இறங்காத கடல்

போன பள்ளி விடுமுறையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போர்ட்டிக்சனுக்குப் போயிருந்தேன். அப்பா பிறந்து வளர்ந்தது சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்து லோரியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பி.டி.க்குப் போவார்களாம். புளிச்சோறு, அவித்த முட்டை, வாளி நிறைய சிராப் தண்ணீர். "எங்களுக்குக் கடலு வருசத்துல ஒரு நாளுதான்டா" என்று நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சவுக்கு மரங்களை அடையாளமாக வைத்துக்கொண்டு எப்படியோ கண்டுபிடித்தும் விட்டார். ஆனால் கரைக்குப் போகும் வழி இப்போது ஒரு தங்கும் விடுதிக்குள் இருந்தது. வாசலில் நின்ற காவலாளி தமிழ்ப் பையன்தான். "அங்கிள், இது கெஸ்ட்டுக்கு மட்டும்தான். நீங்க அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றான், பணிவாகவே.

அப்பா கேட்டார்: "ஏந்தம்பி, கடலையுமா வாங்கிட்டாங்க?"

பையன் சங்கடமாகச் சிரித்தான். "கடல வாங்கல அங்கிள். வழியத்தான்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. அலை ஏறி இறங்கும் மண் அடிப்படையில் மாநில அரசுக்குரியது என்பதுதான் நம் நாட்டு நிலச் சட்டத்தின் நிலை. கடல் யாருடையது என்பதில் பெரிதாகச் சண்டையே இல்லை. சண்டை எப்போதும் வழியைப் பற்றித்தான். ஒரு கரை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்தால், அதற்கு முன் அதை மூடி வைத்திருந்தது யார், எந்த வழியை அடைத்து மூடினார்கள் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கியதில் வந்து சேர்ந்த ஊர் நம்மூர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன். நம் முன்னோர் கிளம்பிய அதே மதராஸ் துறைமுகத்திலிருந்து, கிழக்கே வராமல் தென்மேற்கே போன கப்பல்கள் சேர்ந்த ஊர்.

*

1860 அக்டோபர் 12-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. அதில் 342 பேர் இருந்தார்கள். நவம்பர் 16-ஆம் தேதி அது டர்பனை வந்தடைந்தது. நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான். தொடக்கக் கூலி மாதத்துக்கு 10 ஷில்லிங். அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸிலிருந்து கப்பலேறிய தமிழ், தெலுங்கு மக்கள்.

அந்தக் காலத்து டர்பன் துறைமுகத்தின் வாயிலில் ஒரு மணல்திட்டு இருந்தது. பெரிய கப்பல்களால் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களைப் படகில் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மணலைத் தோண்டிச் சமாளிக்கவே அரை நூற்றாண்டு ஆனது. துறைமுகத்திலும் ரயில்பாதையிலும் உழைத்தவர்களில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. நகரம் கடலைப் பார்த்து எழுந்ததில் அவர்கள் வியர்வைக்கும் பங்குண்டு.

இந்தியர்கள் கரையில் இறங்குவதையே தடுக்க டர்பன் முயன்ற நாளும் உண்டு. 1896 டிசம்பரில் 'கோர்லாண்ட்', 'நாதேரி' என்ற இரண்டு கப்பல்கள் இந்தியப் பயணிகளுடன் வந்தன. முதலாவது கப்பலில் காந்தி இருந்தார். நோய்த்தடுப்பு என்ற பெயரில் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்தி வைத்தார்கள். கரையில் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு, இந்தியர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மூன்று வாரங்களுக்கும் மேலான காத்திருப்புக்குப் பிறகு, 1897 ஜனவரி 13-இல்தான் பயணிகள் இறங்கினார்கள். அன்று தெருவில் காந்தி அடிவாங்கியது பலரும் படித்த கதை. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஊரில் கரை என்பது முதலிலிருந்தே ஒரு வாசல். ஒப்பந்தக் கூலியாக வந்தால் வாசல் திறக்கும். சொந்தக் காசில், சுதந்திரமான ஆளாக வந்தால் வாசலில் கூட்டம் நிற்கும்.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் கடலிடமே திரும்பினார்கள். டர்பன் வளைகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரித் தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார்கள். அங்கே பிடித்த மீன் நகரத்துக்குள் கூடையில் போனது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் அந்தக் கடலோரமாக மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும். கரையில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கயிறு பிடித்து வலையை இழுப்பார்கள். நம் மொழியில் இதற்குக் கரைவலை என்று பெயர். டர்பன் இந்தியக் குடும்பங்கள் சில தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்து வந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது தீவில் கடற்படைத் தளம் வந்தது. மீனவர்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று.

1961-இல் அதே தீவில், கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில், இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை இனஒதுக்கல் அரசு திறந்தது. தாத்தாமார் வலை உலர்த்திய தீவுக்குப் பேரப்பிள்ளைகள் படிக்கப் போனார்கள். அவர்களைப் போகச் சொன்னது அவர்களுடைய தோலின் நிறம்.

*

கடற்கரையைச் சட்டம் எப்படிப் பங்கு போட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அநியாயம் எப்போதும் கம்பும் நாயுமாக மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் அது பிரிவு எண்ணோடு வருகிறது.

தென்னாப்பிரிக்காவின் 1935-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் கரையையும் கடலையும் தனியார் சொத்தாக விடாமல் அரசின் பொறுப்பில் வைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பொது' என்ற சொல்லுக்குள் யார் அடக்கம் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடாது.

1953-இல் ஒரு வழக்கு. ஜார்ஜ் லூசு என்பவர் கேப்டவுன் ரயில் நிலையத்தில் வெள்ளையர்களுக்கான காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தார். நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரிக்கலாம், ஆனால் இரண்டு அறைகளும் தரத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அரசு என்ன செய்தது? அறைகளைச் சமமாக்கவில்லை. சட்டத்தை மாற்றியது. அதே ஆண்டு 'தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம்' வந்தது. ஒரு பொது இடத்தை ஓர் இனத்துக்கு மட்டும் ஒதுக்கலாம். மற்ற இனத்துக்கு அதே தரத்தில் ஒன்று இல்லையென்றாலும், ஏன் ஒன்றுமே இல்லையென்றாலும், அந்த ஒதுக்கீடு செல்லும் என்று அது வெளிப்படையாகவே எழுதி வைத்தது. 1960-இல் வந்த திருத்தம் கடற்கரையையும் கடலையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

கடலையும் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மணலில் கோடு போடலாம். தண்ணீரில் எப்படிப் போடுவது? அதிகாரம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பலகை நட்டால் போதும், கோட்டை மக்களே மனதில் போட்டுக்கொள்வார்கள் என்று அதற்குத் தெரியும்.

அந்தப் பலகைகளில் ஒன்றின் படம் உலகம் முழுக்கப் பிரபலம். 1989-இல் டர்பனில் எடுக்கப்பட்டது. டர்பன் கடற்கரைத் துணைவிதிகளின் 37-ஆம் பிரிவின்படி இந்தக் குளியல் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு என மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். தமிழில் எழுதியிருக்காது. அதற்குள் டர்பன் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார்கள். போகக் கூடாது என்பதை ஆங்கிலத்திலேயே படித்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்கள் அந்த மண்ணுக்காரர்கள் ஆகிவிட்டிருந்தார்கள்.

டர்பன் கரை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. வெள்ளையருக்கு, இந்தியருக்கு, கலப்பினத்தவருக்கு, ஆப்பிரிக்கருக்கு என்று தனித்தனி. நகரத்தின் முகமாக இருந்த நல்ல பகுதிகள் யாருக்குப் போயின என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மட்டும் வேலையாக வெள்ளையர் கரையில் நிற்கலாம். அவள் தன் சொந்தக் குழந்தையை அங்கே கூட்டிக்கொண்டு வர முடியாது.

இந்த இடத்தில் நாம் ஒரு சங்கடமான உண்மையையும் பார்த்தாக வேண்டும். இந்தியர்களுக்கும் ஒரு கரை 'கொடுக்கப்பட்டது'. நான்கு படிகள் கொண்ட ஏணியில் கடைசிப் படி அவர்களுடையது அல்ல. கொஞ்சம் கொடுத்து, அந்தக் கொஞ்சத்தையும் இழந்துவிடுவோமோ என்று பயப்பட வைப்பதும் ஒருவகை ஆட்சிதான். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அந்த நினைவு இருக்கும் ஊரில், 'நமக்கென்று தனியாக ஒரு கரை இருப்பதும் நல்லதுக்குத்தான்' என்று நினைத்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பார்கள். நாமாக இருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் நினைத்திருப்போம். தனிக் கரை என்பது தடுப்பும் பரிசும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட பொட்டலம்.

*

அந்தப் பொட்டலத்தின் அரசியல் வடிவம் 1984-இல் வந்தது. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றம். ஆப்பிரிக்கர்களுக்கு எதுவும் இல்லை. இந்தியர்களில் பெரும்பான்மையோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். எனக்கு மட்டும் திறக்கும் கதவு எனக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாகவே நான் அதைப் படிக்கிறேன். டர்பன் தமிழர் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய தருணம் என்று எனக்குப் படுவது இது.

அந்த அமைப்புக்குள் போனவர்களின் நிலை என்ன ஆனது என்பதற்கும் ஒரு கடற்கரைக் கதை உண்டு. கலப்பினத்தவர் அவையின் தலைவரான ஆலன் ஹெண்டிரிக்ஸ், அதிபர் பி. டபிள்யூ. போத்தாவின் அமைச்சரவையிலும் இருந்தார். 1987 ஜனவரியில் அவர் போர்ட் எலிசபெத் நகரில் வெள்ளையர்களுக்கு ஒதுக்கப்பட்ட கிங்ஸ் பீச்சில் தன் ஆதரவாளர்களோடு இறங்கிக் குளித்தார். போத்தா கடுமையாகக் கோபப்பட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவரும் கேட்டார். நாட்டின் அமைச்சர், தன் நாட்டுக் கடலில் குளித்ததற்காக மன்னிப்புக் கேட்கிறார். கொடுக்கப்பட்ட பதவியின் ஆழம் எவ்வளவு என்பது கடலில் இறங்கியபோதுதான் தெரிந்தது.

1989 ஆகஸ்டில் மக்கள் இயக்கங்கள் சட்டமீறல் போராட்டத்தைத் தொடங்கின. ஆகஸ்ட் 2-இல் முதலில் மருத்துவமனைகள். வெள்ளையர்களுக்கான மருத்துவமனைகளில் மற்றவர்கள் போய்ச் சிகிச்சை கேட்டார்கள். டர்பன் கடலோரத்திலேயே இருக்கும் அடிங்டன் மருத்துவமனையும் அதில் ஒன்று. அப்புறம் கடற்கரைகள். ஆகஸ்ட் 19-இல் கேப்டவுனை ஒட்டிய ஸ்டிராண்ட், புளூபெர்க்ஸ்டிராண்ட் கரைகளுக்குப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உள்ளிட்டவர்கள் போனார்கள். காவல்துறை நாய்களோடும் சவுக்குகளோடும் காத்திருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் டர்பன் கரையிலும் மக்கள் திரண்டு இறங்கினார்கள்.

இந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் எளிமை. யாரும் மலையைப் புரட்டவில்லை. கூடையில் சாப்பாடு, துண்டு, பிள்ளைகள். ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யுமோ அதைத்தான் செய்தார்கள். அதைத் தடுக்க ஓர் அரசாங்கம் நாயைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாய் வந்த நிமிடத்திலேயே அந்தச் சட்டம் எவ்வளவு கேவலமானது என்பது உலகத்துக்கே விளங்கிவிட்டது.

சில வாரங்களில் புதிய அதிபராகப் பதவியேற்ற டி கிளர்க், நாட்டின் எல்லாக் கடற்கரைகளும் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்படும் என்றும், தனி வசதிகள் சட்டம் நீக்கப்படும் என்றும் அறிவித்தார். தேதி 1989 நவம்பர் 16.

ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததும் ஒரு நவம்பர் 16. நடுவில் சரியாக 129 ஆண்டுகள். இது தற்செயல்தான். தேதியைப் பார்த்து யாரும் சட்டத்தை நீக்கவில்லை. ஆனாலும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. வேலை செய்ய இறங்கிய கரையில் சும்மா நின்று கால் நனைக்க, ஒரு சமூகத்துக்கு 129 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

*

1990 அக்டோபர் 15-இல் அந்தச் சட்டம் முறைப்படி நீக்கப்பட்டது. கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

பலகையைப் பிடுங்கலாம். தூரத்தை எப்படிப் பிடுங்குவது? குழுப் பகுதிச் சட்டம் என்ற இன்னொரு சட்டம் 1950 முதல் மக்களை இனவாரியாகக் குடியமர்த்தியிருந்தது. இந்தியர்களை உள்நாட்டுப் பக்கமாகச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும், ஆப்பிரிக்கர்களை உம்லாசி, குவாமாஷு போன்ற இடங்களுக்கும் தள்ளியிருந்தது. கடற்கரையில் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, 'இலவசம்' என்ற சொல் பஸ் நிறுத்தத்திலேயே முடிந்துவிடும். வழியைத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று அந்தக் காவலாளிப் பையன் சொன்னது எனக்கு மறுபடி ஞாபகம் வந்த இடம் இதுதான்.

தூரத்தைவிட மனம் இன்னும் மெதுவாக மாறுகிறது. புத்தாண்டு நாளில் டர்பன் கரையில் கூடும் பெருங்கூட்டத்தில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2016 புத்தாண்டு முடிந்ததும், அவர்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு ஒரு வெள்ளைப் பெண்மணி சமூக ஊடகத்தில் எழுதினார். சமத்துவ நீதிமன்றம் அவருக்கு 1,50,000 ராண்ட் அபராதம் விதித்தது. கரை திறந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகும், அங்கே யார் இருக்கலாம் என்று சிலர் மனதில் பழைய பலகை நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

பிறகு 2022 ஏப்ரல் வெள்ளம். 400 பேருக்கும் மேல் இறந்தார்கள். கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி, சாக்கடை கடலில் கலந்தது. பல கடற்கரைகளை மாதக்கணக்கில் மூட வேண்டி வந்தது. இந்த முறை நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் மூடினார்கள். அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. பொதுக் கரையைத் திறந்து வைப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது, குழாயும் பம்பும் அதைப் பழுதுபார்க்கும் நகராட்சியும் வேண்டும் என்பதற்கு அது பாடம்.

ஆனாலும் கூட்டம் வருகிறது. விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க, நகராட்சியே அவர்கள் கையில் அடையாளப் பட்டை கட்டிவிடுகிறது. ஒரு காலத்தில் இதே கரையில் இதே நகரம் இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளைத் துரத்தியது. இப்போது அவர்கள் காணாமல் போகக் கூடாதே என்று கவலைப்படுகிறது. விடுதலை என்றால் என்னவென்று யாராவது கேட்டால், நான் அந்தப் பட்டையைக் காட்டுவேன்.

உள்நாட்டிலிருந்து வரும் சூலு குடும்பங்கள் திரும்பும்போது வெற்றுப் பாட்டில்களில் கடல் நீரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மருந்துக்கும் சடங்குக்கும் பயன்படுமாம். இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்கம்மாவும் ஒரு போத்தல்ல புடிச்சிட்டு வருவாங்கடா. லயத்துல, சாமி படத்துக்கிட்ட வைப்பாங்க. ஏன்னு கேட்டதில்ல" என்றார்.

அன்று நாங்கள் சுற்றித்தான் போனோம். கால்மணி நேர நடை. ஒரு சாக்கடைப் பாலம், ஒரு பழைய கேரவன், அப்புறம் திடீரென்று கடல். அப்பா கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுத் தண்ணீரில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் அந்த விடுதியின் முன்னால் இருக்கும் கரையும் தெரிந்தது. நடுவில் வேலி எதுவும் இல்லை. ஈர மணல் ஒரே மணலாக நீண்டு போனது. அப்பா அந்தப் பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை.